பேச்சிப்பாறை அணையும் சிலிக்கான் சில்லின் மூதாதையும் ஒரே வயசு, தெரியுமா?

1897. பேச்சிப்பாறையில் கோதையாற்றை மறித்து அணை கட்ட ஆரம்பித்த வருஷம். திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் ஆண்டுகொண்டிருந்தார். வேலையை முன்னின்று நடத்தியவர் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர். அவர் கல்லறைகூட அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே 1897இல்தான் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார், தெரியுமா?

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். அணை வேலை முடிந்தது 1906இல். அந்த வருஷம் அமெரிக்காவில் பிக்கார்ட் என்பவர், ஒரு சிலிக்கான் துண்டை வைத்து வானொலி அலையைப் பிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நம் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் கொள்ளுத்தாத்தா அந்தத் துண்டுதான். இங்கே கல்லும் சுண்ணாம்புமாக அணை எழும்பிய அதே ஒன்பது வருஷத்தில், அங்கே எலெக்ட்ரான் பிறந்து சிலிக்கானில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

இப்போது அந்த அணைக்குக் கீழே, ரப்பர் காட்டுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சு. பகலில் ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன், கல்யாண ஆல்பம், ராத்திரி விளையாடக் கொஞ்சம் வேலரண்ட், கொஞ்சம் ஜிடிஏ. இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும், அதுவும் கையைக் கடிக்காத விலையில். நாகர்கோவிலுக்குப் போவதா, திருவனந்தபுரத்துக்குப் போவதா, ஆன்லைனில் தட்டிவிடுவதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன அதிசயம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

"இவ்வளவு பைசா குடுத்து வாங்குத சாதனத்துக்குள்ள என்னலே மக்கா இருக்கு?" என்று அப்பா கேட்டால் சொல்ல ஒரு பதில்: 1,070 கோடி டிரான்சிஸ்டர்! ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி என்ற ப்ராசசருக்குள் அத்தனை இருக்கின்றன. இந்திய ஜனத்தொகையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அத்தனையும் அடங்கியிருக்கும் சில்லின் பரப்பு 180 சதுர மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய கட்டைவிரல் நகம் அளவு. 1971இல் இன்டெல் விற்ற முதல் ப்ராசசரான 4004இல் இருந்தது வெறும் 2,300.

அந்தப் பெயரின் கடைசியில் நிற்கும் 'ஜி' என்ற ஒற்றை எழுத்துக்குத்தான் காசு, தெரியுமா? ஜி இருந்தால் படம் காட்டும் பகுதியும் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே மானிட்டரில் படம் வரும், போட்டோஷாப் ஓடும், வேலரண்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ ஃபைவை செட்டிங்கைக் குறைத்து ஆடலாம். அந்த எழுத்து இல்லாத வெறும் 5600ஐ வாங்கி, கார்டு வாங்கக் காசில்லாமல் நின்றால் கறுப்புத் திரைதான். இன்டெல்லில் இதே வம்பு 'எஃப்' என்ற எழுத்தில் வருகிறது. 12400எஃப் விலை கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு? படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. பின்னால் ஒருநாள் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை கம்ப்யூட்டரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கோவில் கொடை சீசனில் இப்படி நடந்தால் டிசைன் கடைக்காரரின் பாடு என்ன ஆகும்?

இன்னொரு ஆச்சரியம். ஆறு கோர் உள்ள ரைசன் 5600உம் எட்டு கோர் உள்ள 5800எக்ஸும் ஒரே அச்சில் வார்த்த சில்லுதான்! எட்டில் இரண்டை அணைத்துவிட்டு ஆறு கோர் என்று விற்கிறார்கள். சில சில்லில் அந்த இரண்டும் பழுது. சிலதில் நன்றாகவே இருந்தும் அணைத்திருப்பார்கள், சந்தையில் ஆறு கோருக்குத்தான் கிராக்கி என்பதால். கொஞ்சம் மேலான புதுத் தலைமுறையான 8600ஜி பக்கம் போனால் கதை இன்னும் விநோதம். அதைச் செய்யும் இயந்திரத்துக்குள், உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் சொட்ட, ஒவ்வொரு துளியையும் லேசர் அடித்து ஆவியாக்குகிறது. அப்போது வரும் ஒளியால்தான் சில்லின் கோடுகளை வரைகிறார்கள். சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூட்டில் வரைந்த ஒரு கோலம் உங்கள் மேசைக்கு வருகிறது.

ப்ராசசரில் ஏஎம்டியா இன்டெல்லா, கார்டில் என்விடியாவா ஏஎம்டியா என்று பையன்கள் அடித்துக்கொள்வார்கள். என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கும் ஏஎம்டியின் தலைவர் லிசா சூவும் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் சண்டை கொஞ்சம் அடங்கும். லிசாவின் அம்மாவழித் தாத்தா, ஜென்சனின் அம்மாவுக்கு அண்ணன். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஜென்சனுக்கு லிசா தாய்மாமன் பேத்தி! உலகத்தின் இரண்டு பெரிய கிராபிக்ஸ் கம்பெனியும் ஒரே தைவான் குடும்பத்தின் கையில். ஜென்சன் சின்ன வயசில் டென்னீஸ் என்ற ஓட்டலில் பாத்திரம் கழுவியவர். 1993இல் என்விடியாவைத் தொடங்கலாம் என்று மூன்று பேர் கூடிப் பேசியதும் ஒரு டென்னீஸ் ஓட்டல் மேசையில்தான்.

சரி, இப்போது ஃப்ளெக்ஸுக்கு வருவோம். இங்கேதான் நிஜமான பூதம் இருக்கிறது.

10 அடிக்கு 8 அடி போர்டு. அம்மன் கொடைக்கு அடிக்கும் சாதாரண அளவு. புதிதாக டிசைன் பழகும் பையன், குவாலிட்டி நன்றாக இருக்கட்டும் என்று அங்குலத்துக்கு 300 புள்ளி போட்டுப் புதுப் பக்கம் திறக்கிறான் என்று வையுங்கள். 120 அங்குலம், 96 அங்குலம். ஆக 36,000க்கு 28,800. மொத்தம் 103 கோடியே 68 லட்சம் புள்ளி! அச்சுக்கான நான்கு நிறக் கணக்கில் புள்ளிக்கு நான்கு பைட் என்றால், ஒரு முழு லேயருக்கே 4 ஜிபிக்கு மேல் நினைவகம் போச்சு. அம்மன் படம் ஒரு லேயர், விழாக் கமிட்டி அண்ணன்மார் படம் ஆளுக்கொரு லேயர், மேலே பூமாலை, ஒளிவட்டம்... கம்ப்யூட்டர் உருண்டு படுத்துவிடும். போதாக்குறைக்கு, பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்கவும் முடியாது. அதில் ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிதான் உச்சவரம்பு, தெரியுமா?

அதே போர்டை 72 புள்ளியில் திறந்தால்? 8,640க்கு 6,912. ஆறு கோடிக்கும் சற்றுக் குறைவான புள்ளி, லேயருக்கு 240 எம்பி போல. ரோட்டில் போகிறவர் இருபது அடி தள்ளி நின்று பார்க்கும் போர்டுக்கு இது போதும். ஒரு பைசா செலவில்லாமல் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பல மடங்கு ஏற்றும் வித்தை இதைவிட வேறு இல்லை. இருந்தாலும் 16 ஜிபிக்குக் குறைந்து ராம் போட வேண்டாம். 5600ஜி மாதிரி ப்ராசசர் படம் காட்டுவதற்கென்று அதிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த 16ஐ எப்படிப் போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். 16 ஜிபி ஒரே துண்டாக வாங்கினால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் டிடிஆர்4 3200 ராம் ஒரு துண்டு இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி ஓட்டம். 8, 8 என்று இரண்டு துண்டு போட்டால் இரண்டு சானல், 51.2 ஜிபி. பேச்சிப்பாறையில் 48 அடியும் நிறைந்து கிடந்தாலும், தோவாளைச் சானலும் அனந்தனார் சானலும் சேர்ந்து ஓடினால்தானே நாஞ்சில் நாட்டு வயல் முழுக்க நனையும்? தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இந்த இரண்டாவது சானல் உயிர்நாடி. படம் காட்டும் பகுதி தன் தீனிக்கு ராமைத்தான் நம்பியிருக்கிறது. விளையாட்டில் திக்கித் திக்கி ஓடிய படம், இரண்டாவது துண்டைச் செருகியதும் சரளமாக ஓடும். கண்ணாலேயே பார்க்கலாம்.

துண்டைச் செருகும் இடத்தையும் பாருங்கள். நான்கு துளை உள்ள போர்டு என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. முதல் இரண்டு துளையிலோ கடைசி இரண்டு துளையிலோ போட்டால் இரண்டும் ஒரே சானலில் போய் நிற்கும்.

3200 என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும், செருகின உடனே அது பல சமயம் 3200இல் ஓடாது, தெரியுமா? 2133இலோ 2400இலோ அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்று இருப்பதைத் தட்டிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருநாள்கூட அனுபவிக்காமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் நிஜ வேகம் தெரிந்துவிடும்.

ராம் விலை 2025 கடைசியில் தங்கம் மாதிரி எகிறியதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு! பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லை மொத்தமாக அள்ளிக்கொண்டதால், வீட்டு ராமுக்குத் தட்டுப்பாடு. மைக்ரான் கம்பெனி, வீட்டுக்காரர்களுக்கு ராம் விற்றுவந்த தன் க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. யாரோ கலிபோர்னியாவில் உட்கார்ந்து சாட்பாட்டிடம் கவிதை கேட்கிறார், குலசேகரத்துப் பையனுக்கு ராம் விலை ஏறுகிறது. ஆகவே இப்போது ராம் வாங்கும்போது ரசீது கையில் வரும்வரை விலையை நம்பாதீர்கள். நேற்றுச் சொன்ன விலை இன்றைக்கு இருக்காது.

இவ்வளவும் தூரத்து ஊர்ச் சரக்கு என்று நினைத்தீர்களா? பேச்சிப்பாறையிலிருந்து பஸ் ஏறினால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அங்கே கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணலில்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தேங்காய்நாரோடு கப்பலேறி ஜெர்மனிக்குப் போன மணலிலிருந்து துப்புக் கிடைத்ததாம்! அன்று அது காஸ் விளக்கு மாண்டிலுக்குப் போயிற்று. மோனசைட்டில் இருக்கும் தனிமங்களில் ஒன்று நியோடிமியம். ஹார்ட் டிஸ்கின் முள்ளை அசைக்கும் காந்தம் அதில்தான் செய்யப்படுகிறது. அதே மணலில் சிர்கான் இருக்கிறது. சிர்கானோடு ஒட்டிப் பிறந்த தனிமம் ஹாஃப்னியம். 2007இல் இன்டெல் தன் டிரான்சிஸ்டருக்குள் கசியும் மின்சாரத்தைத் தடுக்க ஹாஃப்னியத்தைப் பூசியது. இன்றைய ப்ராசசரிலும் அந்தப் பூச்சு உண்டு. இல்மனைட்டிலிருந்து வரும் டைட்டானியம் வெள்ளைதான் ஃப்ளெக்ஸ் துணியின் வெள்ளைக்கும் பெயின்ட் வெள்ளைக்கும் ஆதாரம். டிசைன் பண்ணும் பெட்டிக்கும் டிசைன் அச்சாகும் துணிக்கும் வேண்டிய தனிமங்கள் ஒரே கடற்கரையில்! உங்கள் பெட்டியில் இருப்பது மணவாளக்குறிச்சி மணல்தான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உறவு உறவுதானே.

ரப்பர் காட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றமும் உண்டு. கீபோர்டு பட்டனுக்கு அடியில் அமுங்கி எழும்பும் ரப்பர் குமிழ், பெரும்பாலும் பால்வெட்டி எடுத்த ரப்பர் இல்லை. சிலிக்கோன்.

இனி மின்சாரம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கையிருப்பு எவ்வளவாக இருந்தாலும், முதலில் பவர் சப்ளைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு. ஒன்று 60 மெகாவாட், இன்னொன்று 40. முழுத்திறனில் ஓடினால், 300 வாட் இழுக்கும் கேமிங் கம்ப்யூட்டர் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் ஓட்டலாம்! அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர்தான் கீழே அணைக்கு வருகிறது. மின்சாரம் பிறக்கும் மலையடிவாரத்தில் இருந்துகொண்டே, காற்றடித்து ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் இருட்டில் உட்கார்ந்திருப்போம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது யாருக்கும் மறக்காது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு இடத்தை மட்டும் படிக்கப் பழகுங்கள். ஒன்று, உள்ளே வரும் மின்னழுத்தம். சிலதில் 200 முதல் 240 வோல்ட் என்றும், சிலதில் 100 முதல் 240 வோல்ட் என்றும் போட்டிருக்கும். கம்பியின் கடைசி வீட்டில், சாயந்திரம் எல்லாரும் மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால், முதல் வகை தடுமாறி ரீஸ்டார்ட் ஆகலாம். இரண்டாவது வகை கண்டுகொள்ளாது. அந்த '100' என்ற எண் மலையோர வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்!

இரண்டாவது, 12 வோல்ட் என்பதற்கு நேரே போட்டிருக்கும் ஆம்பியர். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். பெட்டியில் 450 வாட் என்று போட்டிருந்தால் அது உண்மை. பேர் தெரியாத பெட்டியில் 500 வாட் என்று பெரிசாக எழுதி, கீழே பொடி எழுத்தில் 12 வோல்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தால்? 192 வாட்! ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்டைத்தான். மிச்சமெல்லாம் ஸ்டிக்கர் அலங்காரம்.

மின் கட்டணத்துக்கும் ஒரு கணக்கு. 300 வாட் இழுக்கும் பெட்டியைத் தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைப் பெட்டி ஒன்றே ஏறக்குறைய விழுங்கிவிடும். தனிக் கார்டு இல்லாத 5600ஜி பெட்டி இதில் பாதிகூட இழுக்காது.

600 விஏ யூபிஎஸ் வாங்கினால் 600 வாட் கிடைக்காது, தெரியுமா? கடையில் விற்பதில் பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு இல்லாத பெட்டியும் மானிட்டரும் அதில் தாராளமாக நிற்கும். ஃபைலைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. யூபிஎஸ்ஸில் பிரிண்டரைச் செருகிவிடாதீர்கள். லேசர் பிரிண்டர் சூடாகும் நொடியில் இழுக்கும் இழுப்புக்கு அது அலறி அணைந்துவிடும்.

இடி இடிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்குவது எல்லாருக்கும் தெரியும். இன்டர்நெட் வயரைப் பிடுங்குவது? செம்புக் கம்பி எந்த வழியாக வந்தாலும் அதன் வழியே மின்னலின் அதிர்ச்சி வரும். மதர்போர்டின் நெட்வொர்க் பகுதி மட்டும் கருகிப் போவது அப்படித்தான். கண்ணாடி இழை வழி வரும் இணைப்பில் அந்த இழையில் மின்சாரம் ஏறாது, ஆனால் மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயர் செம்புதான். அதோடு மோடத்தின் அடாப்டரும் சுவரில்தானே இருக்கிறது? சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மேற்கே வானம் கறுத்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

மழையூரில் இன்னொரு கூட்டமும் பெட்டிக்குள் குடிவரும். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியபோது, உள்ளே ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அதை நோட்டுப் புத்தகத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க மியூசியத்தில் இருக்கிறது! நம் பக்கம் அந்துப்பூச்சியோடு எறும்பு, பல்லி எல்லாம் சேர்த்தி. கேபினட்டின் பின்பக்கம் கார்டு செருகும் இடத்தில் தகட்டைக் கழற்றிவிட்டுத் திறந்தே போட்டிருப்பார்கள். பல்லி உள்ளே போகும் ராஜபாட்டை அதுதான். கூடுதல் தகடு கேட்டு வாங்கி மூடுங்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் வேலை இல்லாவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒருதரம் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

மானிட்டரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. டிசைன் வேலைக்கு அதுதான் கண். பெட்டியில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் அந்த மானிட்டர் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் அறுபத்துச் சொச்சம் சதவீதத்தைத்தான் காட்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு நிறம் காணோம்! மணப்பெண்ணின் அரக்குப் புடவை திரையில் மங்கலாகத் தெரிகிறதே என்று பையன் சிவப்பை ஏற்றுவான். ஃப்ளெக்ஸில் வரும்போது பெண் முகம்வரை செக்கச்செவேல் என்று நிற்கும். '72 சதவீதம் என்டிஎஸ்சி' அல்லது '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்ட ஐபிஎஸ் மானிட்டர் கேளுங்கள். விலை வித்தியாசம் பெரும்பாலும் பயப்படும் அளவுக்கு இருக்காது. சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 புள்ளி. நொடிக்கு 60 தடவை என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளியைத் தீட்டியாக வேண்டும், 144 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 30 கோடி! கார்டு ஏன் சூடாகிறது என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

கார்டு வாங்கக் காசு சேர்ந்த பிறகு? பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபியும் உண்டு. நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைப்போம். இல்லை, கோர் எண்ணிக்கையே 2,560இலிருந்து 2,304க்கு இறங்கிவிட்டது, நினைவகப் பாதையும் ஒடுங்கிவிட்டது. அதற்காக 6 ஜிபியைக் கழித்துக்கட்ட வேண்டாம். 70 வாட்தான் இழுக்கும், தனி மின் வயரே வேண்டாம். சின்ன பவர் சப்ளைக்கும் சின்ன யூபிஎஸ்ஸுக்கும் அது ஏற்றது. பழைய சந்தையில் சுற்றும் ஆர்எக்ஸ் 580இலும் இதே திருகுதாளம் உண்டு: '2048எஸ்பி' என்று வால் இருந்தால் அது வெட்டிக் குறைத்த வகை. ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி இன்னும் வேடிக்கை. அது நான்கே பாதையில் பேசும் கார்டு; 5600ஜி ப்ராசசரோ பழைய பிசிஐஇ மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் பேசும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் கார்டின் திறனில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும்.

'கோர் ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி, அதிரடி விலை' என்று போனில் வரும் விளம்பரத்தில் ஒன்றைத் தேடுங்கள்: எந்தத் தலைமுறை? சொல்லியிருக்க மாட்டார்கள். அது 2011இல் வந்த ஐ7 2600 ஆக இருக்கலாம். 2022இல் வந்த ஐ3 12100 அதைவிட ஒரு கோருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம்! மூன்றுக்கு முன்னால் ஏழு தோற்கும் இடம் இதுதான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இல்லாமல் முடியாது.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக. 1956இல் ஐபிஎம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க், ஒரு டன் எடை, இரண்டடி அகலத் தட்டு ஐம்பது, கொள்ளளவு 5 எம்பிக்குள். இன்றைக்கு ஒரு வாட்ஸப் போட்டோ! இப்போது சூயிங்கம் அளவில் வரும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் மூன்றாம் தலைமுறை வகைகூட நொடிக்கு 3,500 எம்பி படிக்கிறது. விண்டோஸும் போட்டோஷாப்பும் அதில் இருக்கட்டும். பழைய ஆல்பங்களைப் போட்டுவைக்கத் தனியாக ஹார்ட் டிஸ்க் வாங்குமுன் பரணைப் பாருங்கள். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப், அக்கா படிப்பு முடிந்து தூங்கிக்கொண்டிருக்கும். அதன் ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பும் டெஸ்க்டாப்பின் சாட்டா இணைப்பும் ஒன்றேதான், அப்படியே செருகலாம். அதன் ராமை மட்டும் செருக முடியாது. லேப்டாப் ராம் நீளத்தில் பாதிதான்.

போட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர் வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைக் கவனித்ததுண்டா? போட்டோஷாப்பை விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்! அப்படியிருந்தும் அதன் பழைய பதிப்புகளில் யூனிகோடில் தமிழ் அடித்தால் சில சமயம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக விழும். அது கம்ப்யூட்டர் பழுதில்லை. ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதுப் பக்கம் திறந்தால் சரியாகிவிடும். இதற்குப் பயந்துதான் பல கடைகள் இன்றும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

முப்பரிமாணம் பழக ஆசை உள்ளவர்களுக்கு பிளெண்டர் இலவசம். 2002இல் ரசிகர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். பிளெண்டரில் எடுத்த 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் 2025இல் சிறந்த அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கியது. அதன் இறுதிக் காட்சிகளைத் தீட்டியது பெரிய ஸ்டுடியோ கம்ப்யூட்டர் வரிசை இல்லை, இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸின் சொந்தக் கம்ப்யூட்டர்!

கடைசியாக ரசீது. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு வாங்கினால் அதில் 7,627 ரூபாய் வரி. ஜிஎஸ்டி பதிவுள்ள டிசைன் கடையாக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் வரியோடு வாரண்டியும் போகும். பெட்டி இல்லாமல் 'ட்ரே' என்று விற்கும் ப்ராசசருக்குக் கூலரும் வராது, மூன்று வருஷக் கம்பெனி வாரண்டியும் வராது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டிகளைப் பரணில் போடும்போது கறையான் ஏறாத மூலையாகப் பார்த்துப் போடுங்கள். சர்வீஸுக்கு அனுப்ப அதே பெட்டி வேண்டிவரும்.